மெதுவாய் நடக்கிற பிள்ளை

தியானப் பகுதி: ஆதியாகமம் 33:12-18

 

இந்த முறை பெற்றோருக்காக, அதிலும் ஒருவிதமான பிள்ளையைப் பெற்றவர்களுக்காக, ஆவியானவர் என் உள்ளத்தில் ஒரு பாரத்தைத் தந்திருக்கிறார். அந்தப் பிள்ளை கெட்டவன் அல்ல. பொய் சொல்லுகிறதில்லை, திருடுகிறதில்லை, எதிர்த்துப் பேசுகிறதும் இல்லை. நன்றாய்ச் சாப்பிடுகிறான், நன்றாய்த் தூங்குகிறான், எப்பொழுதும் சிரித்த முகம். ஆனால் எதிலேயும் முந்தவேண்டும் என்ற ஆசை அவனுக்கு இல்லை. முதல் மார்க் வாங்கினாலும் சந்தோஷம், கடைசி மார்க் வாங்கினாலும் அதே சந்தோஷம். இப்படிப்பட்ட ஒரு மகனோ மகளோ உங்கள் வீட்டில் உண்டா? அப்படியானால் இந்தச் செய்தி உங்களுக்குத்தான்.

1. நடையைக் குறைத்த தகப்பன்

யாக்கோபின் வாழ்க்கையைப் பாருங்கள். தாயின் வயிற்றிலேயே அண்ணன் குதிகாலைப் பிடித்துக்கொண்டு பிறந்தவன் அவன். சேஷ்டபுத்திர பாகத்துக்கு ஆசைப்பட்டான், ஆசீர்வாதத்துக்கு ஆசைப்பட்டான், ராகேலுக்கு ஆசைப்பட்டான். லாபான் வீட்டில் இருபது வருஷம் பகல் வெயிலிலும் இராக் குளிரிலும் தூக்கமில்லாமல் உழைத்தான் (ஆதி. 31:40,41). ஊக்கத்துக்கு ஒரு மனுஷனைக் காட்டு என்றால் நான் யாக்கோபைத்தான் காட்டுவேன்.

அப்பேர்ப்பட்டவன் 33-ஆம் அதிகாரத்தில் என்ன சொல்லுகிறான் பாருங்கள். ஏசா நானூறு பேரோடு வந்திருக்கிறான். "வா, புறப்படலாம், நான் முன்னே போகிறேன்" என்கிறான். யாக்கோபோ, பிள்ளைகள் சின்னவர்கள், கறவை ஆடுமாடுகளும் கூட இருக்கிறது, ஒரே ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும், நீர் முன்னாலே போம், பிள்ளைகளால் எவ்வளவு நடக்க முடியுமோ அந்த அளவுக்கு நான் பையப் பைய வருகிறேன் என்கிறான்.

எங்கள் பக்கத்திலே தை, மாசியில் அறுப்பு முடிந்ததும் இராமநாதபுரம் சீமையிலிருந்து ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு வந்து வயலிலே கிடை போடுவார்கள். ஒரு பெரியவரிடத்தில் கேட்டேன்: "ஐயா, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?" அவர் சொன்னார்: "அதை நான் முடிவு பண்றதில்லீங்க. குட்டி போட்ட ஆடுதான் முடிவு பண்ணும்." படிக்காத மனுஷன், ஆனால் ஆதியாகமம் 33-க்கு இதைவிட நல்ல வியாக்கியானத்தை நான் கேட்டதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். முந்தின அதிகாரத்தில்தான் யாக்கோபின் தொடைச்சந்து சுளுக்கிப்போனது. நொண்டிக்கொண்டு நடக்கிறான். ஓட்டத்திலே கெட்டிக்காரனாயிருந்தவனை ஆண்டவர் தொட்டு, சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து நடக்கிற தகப்பனாய் மாற்றிவிட்டார். அல்லேலூயா! ஆனாலும் அவன் நடுவழியிலே உட்கார்ந்துவிடவில்லை. 18-ஆம் வசனத்தில் கானான் தேசத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். மெதுவாய் நடந்தான், ஆனால் நடந்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்றைய செய்தி முழுவதும் இதற்குள்ளேதான் இருக்கிறது.

2. "சோம்பல் ஆவியைத் துரத்துங்க ஐயா"

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் ஒரு சகோதரி ஒன்பதாவது படிக்கிற மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். "ஐயா, இவனுக்குள்ள சோம்பல் ஆவி இருக்கு. தலையில கை வச்சு துரத்தி ஜெபிங்க" என்றார்கள். பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நான் கேட்டேன்: "அம்மா, கடைக்கு அனுப்பினா போறானா?"

"போவான் ஐயா. சொன்னா செய்வான். தானா ஒண்ணும் செய்யமாட்டான். நாளைக்குப் பரீட்சைன்னா இன்னைக்கு சாயந்திரம் தெருப் பிள்ளைங்களுக்குப் பட்டம் கட்டிக் குடுத்துக்கிட்டு இருக்கான். அவன் சிரிக்கிறதைப் பார்த்தாத்தான் எனக்கு வயிறு எரியுது ஐயா."

"தங்கச்சி, சிரிப்பைத் துரத்துறதுக்கு நான் ஜெபிக்கமாட்டேன்" என்றேன்.

அப்போது அந்தத் தாய் உடைந்து அழுதார்கள். கணவர் லாரி ஓட்டுகிறவர். நிலம் இல்லை, புலம் இல்லை. அண்ணன் மகன் என்ஜினியரிங் சேர்ந்துவிட்டான். "நாங்க இல்லாத காலத்துல இவன் எப்படி ஐயா பொழைப்பான்?" என்று கேட்டார்கள். தேவ ஜனமே, அந்தக் கேள்வியை இலேசாய் எண்ணாதீர்கள். வசதியுள்ள வீட்டில் ஊக்கமில்லாத பிள்ளை ஒரு கவலை. இல்லாத வீட்டிலோ அது ஒரு பயம். அன்றைக்கு நான் அந்தப் பையனை ஆசீர்வதித்து ஜெபித்தேன். பிறகு அந்தத் தாயின் இருதயத்தில் இருந்த பயம் நீங்கும்படி பாரத்தோடு ஜெபித்தேன். அதற்கப்புறம் உட்காரவைத்து வேதத்தைத் திறந்தேன்.

நீதிமொழிகளில் வருகிற சோம்பேறி யார்? எறும்பினிடத்தில் போய்க் கற்றுக்கொள் என்று சொல்லப்பட்டவன் யார்? 13:4-ஐயும் 21:25-ஐயும் வாசித்துப் பாருங்கள். அவனுக்கு ஆசை இல்லை என்று அங்கே இல்லை. ஆசை நிறைய இருக்கிறது, கைதான் வேலை செய்ய மாட்டேன் என்கிறது, அந்த ஆசையே அவனைக் கொல்லுகிறது. நம்முடைய பிள்ளை அப்படியா? அவனுக்கு அடுத்தவன் சைக்கிள்மேல் ஆசை இல்லை, அடுத்தவன் மார்க்மேலும் ஆசை இல்லை. சொன்ன வேலையைச் செய்கிறான். அவனைச் சோம்பேறி என்று கூப்பிட வேதம் நமக்கு அனுமதி கொடுக்கவில்லை.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது எதிலே நாட்டம் கொள்ளச் சொல்லுகிறார்? அமைதலாய் இருக்கவும், தங்கள் சொந்த அலுவலைப் பார்க்கவும், தங்கள் கையினால் வேலை செய்யவும் நாடச் சொல்லுகிறார் (1 தெச. 4:11). அதே சபைக்குத்தான், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்றும் எழுதுகிறார் (2 தெச. 3:10). பெரிய ஆளாய் வரவேண்டும் என்ற கட்டளை அங்கே இல்லை. உழைத்துச் சாப்பிடவேண்டும் என்ற கட்டளை உண்டு. உங்கள் பிள்ளையை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

3. அளந்து கொடுத்தவர் கர்த்தர்

தாலந்து உவமையில் எஜமான் ஒருவனுக்கு ஐந்தும், ஒருவனுக்கு இரண்டும், ஒருவனுக்கு ஒன்றும் கொடுத்தார். ஏன்? அவனவனுடைய திறமைக்கு ஏற்றபடி (மத். 25:15). இரண்டு தாலந்து வாங்கினவன் நான்கோடு வந்தபோது, "ஐந்து வாங்கினவனைப் பார், பத்தோடு வந்திருக்கிறான்" என்று எஜமான் சொன்னாரா? இல்லை. இருவருக்கும் ஒரே பாராட்டு, ஒரே சந்தோஷம். ஒரு தாலந்தைப் புதைத்தவனைக் கேட்டால், "பயந்துபோய்ப் புதைத்தேன்" என்கிறான். பெற்றோரே, உங்கள் கோபத்துக்குப் பயந்து எத்தனை பிள்ளைகள் தங்களிடத்தில் இருக்கிற ஒன்றையும் புதைத்துவிடுகிறார்கள்! தகப்பன்மார் பிள்ளைகளை மனமடிவாக்கக் கூடாது என்று கொலோசெயர் 3:21 எச்சரிக்கிறது.

உலகத்து வைத்தியர்களும் இதைக் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவிலே நியூயார்க் பட்டணத்தில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற கணவன் மனைவி இருவரும் மனநல மருத்துவர்கள். 1956-ல் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பல வருஷங்கள் கவனித்தார்கள். எவ்வளவு துருதுருப்பு, ஒரு காரியத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது, மனநிலை சந்தோஷமா சிடுசிடுப்பா என்று ஒன்பது குணங்களைக் குறித்து வைத்தார்கள். ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகளும் தொட்டிலிலேயே வித்தியாசமாய் இருந்தார்கள். பிள்ளையின் சுபாவம் மாத்திரம் அவனைக் கெடுத்துவிடுகிறதில்லை, அந்தச் சுபாவத்துக்கும் பெற்றோர் எதிர்பார்க்கிறதற்கும் பொருத்தமில்லாமல் போகும்போதுதான் தொல்லை வருகிறது என்று கண்டார்கள். நீதிமொழிகள் 22:6-ல் பிள்ளையை நடத்தச் சொல்லுகிற இடத்தில், எபிரெய மொழியிலே "அவன் வழிக்கு ஏற்றபடி" என்ற கருத்து இருக்கிறது. அதை இந்த இருவரும் தொட்டில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்!

நாம் என்ன செய்கிறோம்? தமிழ்நாட்டில் 2017-ஆம் வருஷத்திலிருந்து அரசுத் தேர்வில் முதல் மூன்று இடம் யார் யாருக்கு என்று அறிவிக்கிறதை நிறுத்திவிட்டார்கள். அரசாங்கமே நிறுத்திவிட்டது. விசுவாசிகளின் வீட்டில் இன்னும் நிற்கவில்லை. "பெரியம்மா பையனைப் பார், பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இன்னும் ரேங்க் வாசிக்கிறோம்.

4. முதலாவது சுகத்தை விசாரியுங்கள்

இங்கே ஒரு எச்சரிப்பு. எல்லா மந்தமும் சுபாவம் அல்ல. நேற்றுவரை ஓடி விளையாடின பிள்ளை இன்றைக்கு மூலையில் உட்கார்ந்தால், சிரிப்பு நின்றுபோனால், சாப்பாடும் தூக்கமும் மாறினால், அது வேறு காரியம். யாராவது அவனை வேதனைப்படுத்தினார்களோ, மனதிலே நோய் உண்டோ என்று விசாரியுங்கள். டாக்டரிடத்தில் கொண்டுபோங்கள். ஜெபிக்கிறதும் வைத்தியம் பார்க்கிறதும் ஒன்றுக்கொன்று விரோதம் அல்ல. லூக்கா என்ற வைத்தியனைப் பவுல் கூடவே வைத்திருந்தார்.

கண் சரியாய்த் தெரியாத பிள்ளை போர்டைப் பார்க்கமாட்டான். காது மந்தமான பிள்ளை கூப்பிட்டால் திரும்பமாட்டான். இரத்தசோகை இருந்தால் சோர்ந்து சோர்ந்து படுப்பான். தைராய்டு குறைந்தாலும் அப்படித்தான். சில பிள்ளைகளுக்குப் புத்தி நன்றாயிருக்கும், எழுத்துக் கூட்டி வாசிக்கிறது மாத்திரம் வராது. அதைச் சோம்பல் என்று அடிக்கிறவர்கள் உண்டு. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்தக் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மருத்துவச் சான்று இருந்தால் அரசுத் தேர்வில் கூடுதல் நேரம் கொடுக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு, குறை ஒன்றுமில்லை, இது இவனுடைய சுபாவம் என்று தெரிந்தால், ஸ்தோத்திரம் சொல்லி அவனை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

5. எப்படி நடத்துகிறது?

ஏற்றுக்கொள்ளுகிறது என்றால் விட்டுவிடுகிறது அல்ல. ஏலி தன் குமாரரை அடக்காமல் விட்டான், அதற்குக் கர்த்தர் கணக்குக் கேட்டார் (1 சாமு. 3:13). அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன காரியங்களை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

முதலாவது, பழக்கம். சில பிள்ளைகளை ஆசை நடத்தும். ஆசை குறைவான பிள்ளையைப் பழக்கம்தான் நடத்தவேண்டும். ஒவ்வொரு நாளும் "படி, படி" என்று கத்தாமல், ஒரு நேரத்தை, ஒரு இடத்தைக் குறித்துவிடுங்கள். விளக்கு வைத்ததும் அரைமணி நேரம் புத்தகம். அந்த நேரத்தில் உங்கள் போனையும் எடுத்து வைத்துவிட்டு, கீரை ஆய்ந்துகொண்டோ வேதம் வாசித்துக்கொண்டோ பக்கத்தில் உட்காருங்கள். இந்தப் பிள்ளைகளுக்குத் துணை இருந்தால் வேலை நடக்கும்.

இரண்டாவது, வீட்டிலே அவனுக்கென்று ஒரு பொறுப்பு. தண்ணீர் பிடிக்கிறதோ, ஆட்டைக் கட்டுகிறதோ, எதுவானாலும் அது அவன் வேலை. அவன் மறந்தால் நீங்கள் செய்யாதீர்கள், திட்டவும் வேண்டாம். குடத்திலே தண்ணீர் இல்லையென்று அவனே பார்க்கட்டும்.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் பரிசு என்று ஆசை காட்டாதீர்கள். 1973-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. படம் வரைய விரும்புகிற பிள்ளைகளில் சிலரிடம், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்னமே சொன்னார்கள், கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். தானாய் இருந்த விருப்பமும் கூலியினால் குறைந்துபோயிற்று. உங்கள் பிள்ளை சும்மா செய்கிற ஒரு நல்ல காரியத்துக்கு விலை பேசி அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

நான்காவது, கேட்காமலே என்ன செய்கிறான் என்று பாருங்கள். அங்கேதான் அவனுடைய தாலந்து இருக்கும்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லவேண்டுமே. பெரிய அற்புதம் என்று சொல்லமாட்டேன். பத்தாவதில் ஐநூறுக்கு இருநூற்றுச் சொச்சம் வாங்கித் தேறினான். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தான், நாள் தவறாமல் போய் முடித்தான். முந்தவேண்டும் என்ற துடிப்பு இன்றைக்கும் அவனுக்கு வரவில்லை, ஆனால் வேலைக்குப் போகிறான். எங்கள் சபையில் கண் தெரியாத ஒரு பாட்டியம்மா உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறது அவன்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. வேறே யாராவது கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று நான் கேட்டால் பாட்டி சொல்லுவார்கள்: "வேணாம் ஐயா, மத்தவங்க இழுத்துக்கிட்டு ஓடுறாங்க. இந்தப் புள்ளைதான் என் நடைக்கு நடக்குது."

6. இசக்காரின் தோள்

யாக்கோபோடு கூட அன்று மெதுவாய் நடந்து வந்த பதினொரு ஆண் பிள்ளைகளில் இசக்காரும் ஒருவன். சாகும் நேரத்தில் தகப்பன் அவனைப் பார்த்து என்ன சொன்னார்? இரண்டு பொதிகளுக்கு நடுவிலே படுத்திருக்கிற பலமுள்ள கழுதைக்கு ஒப்பிட்டார் (ஆதி. 49:14,15). அவன் கண்ணுக்கு இளைப்பாறுதல் நல்லதாய்த் தெரிந்தது என்றார். சிலர் இதைக் குறையாகச் சொல்லுவார்கள், சொல்லட்டும். ஆனால் தகப்பன் இரண்டையும் கண்டார். இளைப்பாற விரும்புகிறவன்தான், பலமுள்ளவனும் அவனே. சுமை வந்தபோது தோளைச் சாய்த்துச் சுமந்தான்.

பிறகு அந்தக் கோத்திரத்துக்கு என்ன ஆனது? தெபொராளோடு யுத்தத்துக்கு நின்றவர்களில் இசக்காரின் பிரபுக்கள் இருந்தார்கள் (நியா. 5:15). தாவீதை ராஜாவாக்க எல்லாக் கோத்திரமும் திரண்டு வந்தபோது, இசக்காரிலிருந்து இருநூறு தலைவர்கள் வந்தார்கள். காலத்தைப் புரிந்து, இஸ்ரவேல் இன்னது செய்யவேண்டும் என்று அறிந்தவர்கள் என்று அவர்களைக்குறித்து எழுதியிருக்கிறது (1 நாளா. 12:32). எல்லாரும் ஓடிக்கொண்டேயிருந்தால் காலத்தை நின்று பார்க்கிறது யார்? உங்கள் வீட்டு இசக்காரை அற்பமாய் எண்ணாதீர்கள்.

கடைசியாக ஒரு காரியம். யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறினபோது வானத்திலிருந்து பிதாவின் சத்தம் உண்டாயிற்று. தம்முடைய குமாரனில் தாம் பிரியமாயிருக்கிறதைச் சொன்னார் (மத். 3:17). அதுவரைக்கும் ஆண்டவர் ஒரு அற்புதமும் செய்திருக்கவில்லை. தண்ணீர் திராட்சரசமாகவில்லை, ஒரு குருடன் கண் திறக்கவில்லை. ஊழியத்தின் பலனைப் பார்த்துப் பிதா பிரியப்படவில்லை. பிரியம் முதலில் வந்தது, வேலை பிறகு வந்தது. இதை வாசிக்கிற தகப்பனே, தாயே, உன் பிள்ளை அந்த வார்த்தையை உன் வாயிலிருந்து கேட்டிருக்கிறானா? மார்க் வரட்டும், பிறகு சொல்லலாம் என்று காத்திருக்கிறாயா? இன்றைக்கு இராத்திரி அவன் தூங்குகிறதற்கு முன்னே, தலையில் கை வைத்துச் சொல்லு: "நீ எங்களுக்குக் கர்த்தர் தந்த பிள்ளை. உன்மேல் எங்களுக்குப் பிரியம்." பிறகு காலையில் எழுப்பி, தண்ணீர்க் குடத்தைக் கையில் கொடு. இரண்டும் வேண்டும்.

என்னோடு சேர்ந்து ஜெபியுங்கள்:

அன்புள்ள பரம தகப்பனே, எங்கள் கையில் நீர் தந்த பிள்ளைகளுக்காக ஸ்தோத்திரம். எங்கள் பயத்தை அவர்கள் தலைமேல் சுமத்தாதபடி எங்களைக் காத்தருளும். அவர்கள் நடைக்குத் தக்கதாய் நடக்கப் பொறுமையையும், வழியிலே நின்றுவிடாமல் நடத்தப் பெலத்தையும் தாரும். அவர்கள் முகத்தில் நீர் வைத்த சந்தோஷத்தை ஒருவரும் எடுத்துப்போடாதிருக்கட்டும். அவர்கள் கைகளுக்கு ஏற்ற வேலையை நீரே ஆயத்தம்பண்ணும். இயேசுவின் மூலம் ஜெபிக்கிறோம் எங்கள் ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக! அல்லேலூயா!